வெள்ளித் திரையில் முதியோர் காதல்

பண்டிகை நாளில் வெளிவரும் திரைப்படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்று வினவினால், இளைஞர்க்காக என்றே எவரும் விடை கூறுவர். புத்தாடை உடுத்திக் கொட்டகை வாயிலில் வரிசையாக நிற்போர் அவர்களே. ஆகவே படத்தில் காதல் புரிவோரும் இருபது வயதினராகவே அமைகின்றனர். தலைவியின் தந்தை வந்து அக்காதலைத் தடுப்பார். தாயார் சமையலறை வாயிலில் நின்று கண்ணீர் உகுப்பார். அந்தத் தந்தையும் தாயும் தாமும் ஒருவரையொருவர் விரும்பி நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் என்ற நினைவு கதை எழுதியவருக்கு வருவது அரிது.

அரிதாயினும் சிலருக்கு வந்ததுண்டு. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், காந்தி ஜெயந்திக்கு மறுநாள், நவராத்திரி வாரத்தில், 'பாக்பான்' என்னும் இந்திப் படம் நாடெங்கும் வெளியாயிற்று. தோட்டக்காரன் என்பது அப்பெயரின் பொருள். ரவி சோப்ரா இயக்கிய அப்படத்தில் அமிதாப் பச்சனும் ஹேமமாலினியும் ஓய்வு பெற்ற வயதுடைய கணவன் மனைவியாக நடித்தனர். புதல்வர் நால்வர், பெற்றோர் இருவரையும் ஒருசேர ஏற்க ஒருவர்க்கும் மனம் இல்லை. தந்தையை ஒருவனும் தாயை மற்றொருவனும் ஆறு ஆறு மாதமாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். வடபுலத்து நகரங்களில் வாழும் நம்மவருள் பலர் அப்படத்தை விடுமுறையில் குடும்பத்தோடு கண்டிருப்பர். அண்மைக் காலத்துச் சீர்கேட்டைச் சொல்ல வந்த புதிய கதை அது என்றே பார்த்தவர் பலரும் எண்ணினர். உண்மையில் அக்கதைக்கு அப்போது வயது அறுபத்தாறு. அது நடந்து வந்த வழியைச் சிறிது பின்சென்று காண்போம்.

1937-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க நாட்டில் 'மேக் வே ஃபார் டுமாரோ' என்றொரு படம் வந்தது. 'நாளைக்கு வழி விடுங்கள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஜோசபின் லாரன்ஸ் என்னும் அம்மையார் 1934-இல் வெளியிட்ட புதினம் அதற்கு மூலம். இயக்கியவர் லியோ மெக்கேரி. லாரல், ஹார்டி என்ற ஒல்லியும் பருமனுமான இரட்டையரை இணைத்து உலகைச் சிரிக்க வைத்ததில் பங்கு கொண்டவர் அவர். சிரிப்புப் படங்களுக்கே பேர் போனவர் இப்படி ஒரு கதையை எடுத்ததற்கு, அப்போது தந்தையை இழந்திருந்த துயரமும் ஒரு காரணம் என்பர்.

காலத்தையும் நாம் கருத வேண்டும். 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க மக்கள் எண்ணற்றோர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். முதுமைக்கென அரசு பொறுப்பேற்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்டில் நிறைவேறியது. ஆனால் அதன்படி மாதந்தோறும் உதவித் தொகை வழங்கும் பணி தொடங்கியது 1940 ஜனவரியில்தான். சட்டம் பிறந்துவிட்டது, பணம் வரவில்லை என்ற அந்த இடைவெளியில் வந்தது இப்படம்.

கதை மிக எளியது. ஐம்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்த கணவனும் மனைவியும் தம் பிள்ளைகளை அழைத்து, வீடு வங்கியின் கைக்குப் போகிறது என்று தெரிவிக்கின்றனர். இருவரையும் சேர்த்து ஏற்கும் அளவு இடம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. சிறிது காலத்துக்கு மட்டும் என்று சொல்லி, தாயை நியூயார்க்கில் வாழும் மகன் வீட்டிலும், தந்தையை நெடுந்தொலைவில் வாழும் மகள் வீட்டிலும் இருத்துகின்றனர். அந்தச் சிறிது காலம் முடிவதே இல்லை.

இப்பிள்ளைகள் கொடியவர் அல்லர். மருமகள் வீட்டில் சீட்டாட்ட வகுப்பு நடத்திச் சிறிது பொருள் ஈட்டுகிறாள். அந்த வேளையில் மாமியார் அங்கே ஓர் ஆடும் நாற்காலியில் அமர்ந்து அசைய, அது கிறீச்சிடுகிறது. எவர்மேல் குற்றம் சொல்வது? அப்போது தொலைபேசி மணி அடிக்கிறது. மறுமுனையில் கணவர். தொலைவு மிகுதி ஆகையால் உரக்கப் பேச வேண்டும் என்று எண்ணி அம்மூதாட்டி கூவிப் பேசுகிறார். குளிருக்குக் கவசமாக உடுத்தீரா, உண்டீரா என்பன போன்ற சிறு கேள்விகளே. முதலில் நெளிந்த விருந்தினர் மெல்ல மெல்லச் சீட்டைக் கீழே வைத்துத் தலை குனிகின்றனர். நாட்டில் டிரங்கு அழைப்புக்குப் பதிவு செய்து, மூன்று நிமிடத்துக்காக அரைநாள் காத்திருந்து, ஊரிலுள்ள பெற்றோரிடம் கத்திப் பேசிய அனுபவம் நம்மவருள் மூத்தோர் பலருக்கு உண்டு. நம் நாட்டில் இடையில் ஒருவர் இணைத்துத் தராமலே வெளியூருக்கு நேரே பேசும் வசதி கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இல்தான் முதன்முதலாக ஏற்பட்டது; அது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களை எட்டப் பின்னும் பல்லாண்டாயிற்று.

மற்றொரு காட்சி. கிழவருக்கு மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. மனைவி எழுதிய கடிதத்தை நண்பரான கடைக்காரர் படித்துக் காட்டுகிறார். ஓரிடம் வந்ததும் அவர் நிறுத்திவிடுகிறார். அதற்குமேல் படிப்பது முறையன்று என்பது அவருக்குத் தோன்றிவிடுகிறது. எழுபதை எட்டியவர் தம் மனைவியிடமிருந்து பெறும் கடிதத்திலும் அயலார் படிக்கலாகாத வரி உண்டு என்பதை இதைவிட நயமாக வேறெந்தப் படத்திலும் நாம் கண்டதில்லை.

முடிவில் தாயை முதிய பெண்டிர் இல்லத்தில் சேர்ப்பதென்று மகன் உள்ளூர உறுதி செய்கிறான். அதை எப்படிச் சொல்வது என்று அவன் தவிக்கும்போது, தாயே முந்திக்கொண்டு, தமக்கு அங்கே செல்லத்தான் விருப்பம் என்று கூறி மகனை அத்துயரினின்று விடுவிக்கிறார். ஒன்றுமட்டும் வேண்டுகிறார்: தந்தைக்கு இது தெரியலாகாது. தந்தையையோ உடல்நலத்தைக் காரணம் காட்டிக் கலிபோர்னியாவிலுள்ள மற்றொரு மகளிடம் அனுப்ப ஏற்பாடாகிறது. ரயில் புறப்படுவதற்குமுன் இருவருக்கும் சில மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு பிற்பகல்தான் அவர்களுக்கு வாய்த்த விடுமுறை.

படத்தின் உயிர் அப்பிற்பகலில் இருக்கிறது. நியூயார்க் வீதிகளில் இருவரும் கைகோத்து நடக்கின்றனர். மோட்டார் விற்பவன் ஒருவன் இவர்களைச் செல்வர் என்று கருதி வண்டியில் ஏற்றிச் சுற்றி வருகிறான். ஐம்பது ஆண்டுக்கு முன் தேனிலவுக்கு வந்து தங்கிய அதே விடுதிக்குச் செல்கின்றனர். விடுதி மேலாளர் அவர்களை விருந்தினராகப் போற்றுகிறார். பிள்ளைகள் விருந்து சமைத்துக் காத்திருக்க, வரப்போவதில்லை என்று தந்தை தொலைபேசியில் தெரிவித்துவிடுகிறார். விடுதியில் இளைஞர்க்குரிய விரைவான இசை ஒலிக்கிறது. முதியோர் இருவரும் ஆடும் தளத்தில் திகைத்து நிற்பதைக் கண்ட இசைக்குழுத் தலைவர், அவர்கள் காலத்து மெல்லிய நடைக்கு இசையை மாற்றுகிறார். ஒரு கட்டத்தில் கணவர் முத்தமிட நெருங்க, மனைவி சட்டென்று நம் பக்கம், அதாவது பார்ப்பவர் பக்கம், ஒருமுறை நோக்கி, நாணி விலகிக்கொள்கிறார். பின்னர் ரயில் நிலையம். கலிபோர்னியாவில் வேலை தேடிக்கொண்டு உன்னை அழைத்துக்கொள்வேன் என்கிறார் கணவர். ஆம் என்கிறார் மனைவி. மீண்டும் சந்திக்க இயலாவிடில் என்று எண்ணி இருவரும் விடை சொல்லிக்கொள்கின்றனர். வண்டி நகர்கிறது. மூதாட்டி தனியே நிற்கிறார். படம் அவ்வளவே.

முடிவை மகிழ்ச்சியாக மாற்றுமாறு பட நிறுவனத்தார் வற்புறுத்தினர். மெக்கேரி இணங்கவில்லை. படம் வசூலில் தோற்றது; நிறுவனத்தோடு அவருக்கிருந்த தொடர்பும் அற்றது. அதே ஆண்டில் அவர் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற வேடிக்கைப் படத்துக்கு அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிட்டியபோது, தவறான படத்துக்கு விருதளித்தீர்கள் என்று அவர் கூறியது சினிமா உலகில் இன்றும் வழங்கும் செய்தி.

தோற்ற படம் என்று எண்ணி உலகம் அதை விட்டுவிடவில்லை. ஜப்பானில் அதைக் கண்ட கோகோ நோடா என்னும் எழுத்தாளர், இயக்குநர் ஓசுவுடன் சேர்ந்து 1953-இல் 'டோக்கியோ கதை'யை எழுதினார். பிள்ளைகளைக் காண டோக்கியோ வரும் முதிய பெற்றோரை, வீட்டில் வைத்துக்கொள்ள இடமும் பொழுதும் இன்றி, பிள்ளைகள் செலவு செய்து அதாமி என்னும் வெந்நீர் ஊற்றுத் தலத்துக்கு விடுமுறைக்கு அனுப்பிவிடுகின்றனர். விடுமுறையையே விலக்கி வைக்கும் வழியாகக் கொண்டதை அப்படம் காட்டிற்று.

நம் நாட்டில் 1954-இல் மராத்தியில் ராஜா பராஞ்சபே 'ஊன் பாவுஸ்' என்ற படத்தை எடுத்தார். வெயிலும் மழையும் என்பது பொருள். இங்கே முதியவர் பள்ளி ஆசிரியர் ஆகிவிட்டார். 1958-இல் பி. ஆர். பந்துலு அவ்வழியில் கன்னடத்தில் 'ஸ்கூல் மாஸ்டர்' எடுத்தார். பந்துலு என்ற சொல்லுக்குத் தெலுங்கில் ஆசிரியர் என்பதே பொருள். ஆசிரியர் வேடத்தை அவரே தாங்கினார். மனைவியாக நடித்தவர் எம். வி. ராஜம்மா, பின்னாளில் 'கர்ணன்' படத்தில் குந்தியாக வந்தவர். அடுத்த ஆண்டே 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுக்கவிருந்த அந்த இயக்குநர், வாளும் குதிரையும் இல்லாத இச்சிறு குடும்பக் கதையில் கொண்ட ஈடுபாடு வியப்புக்குரியது. அக்கதை தமிழில் 'எங்க குடும்பம் பெரிசு' என்றும், இந்தியில் 1959-இல் அதே பெயரிலும் வந்தது. மலையாளத்தில் 1964-இலும், தமிழில் மீண்டும் 1973-இலும் புட்டண்ணா கணகால் அதை இயக்கினார். தெலுங்கில் 1972-இல் 'படி பந்துலு' என என். டி. ராமராவும் அஞ்சலிதேவியும் நடித்தனர். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கொச்சியிலும் குடியேறிய தமிழர், தம் அண்டை வீட்டார் கண்ணீர் விட்ட படம் தாம் ஊரில் பார்த்த படமே என்று கண்டிருக்கலாம்.

ஆசிரியரை ஏன் தேர்ந்தார்கள்? அக்காலத்தில் மதிப்பு மிக்கதும் ஊதியம் குறைந்ததுமான தொழில் அதுவாகவே இருந்தது. கடன்பட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கையில் ஒன்றும் மிஞ்சாது ஓய்வு பெறுபவர் என்றால் பார்ப்பவர் மனக்கண்ணில் வருபவர் ஊர்ப்பள்ளி வாத்தியாரே. மற்றொரு வசதியும் உண்டு. ஆசிரியர்க்குப் பெற்ற பிள்ளைகளன்றிப் பிற பிள்ளைகளும் உண்டு. தம் மக்கள் கைவிட்டபோது, முன்னாள் மாணவன் ஒருவன் உயர்ந்த பதவியில் வந்து கைகொடுக்கிறான். 1958-இன் கன்னடப் படத்தில் அச்சிறு வேடத்தில் வந்தவர் சிவாஜி கணேசன். பிரிந்த கணவனும் மனைவியும் மீண்டும் கூடுகின்றனர்.

இதனால் மெக்கேரியின் கதை நம் நாட்டில் வலுவிழந்தது என்பார் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். ரயில் நிலையத்தில் தனித்து நின்ற மூதாட்டியை மறக்க முடியாது. மாணவனால் மீண்ட வீட்டை மறந்துவிடலாம். ஆயினும் வேறொன்றும் நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்கப் படத்தில் முதியோர்க்கு அன்பு காட்டுவோர் யாவரும் அயலார்: மோட்டார் விற்பவன், விடுதி மேலாளர், இசைக்குழுத் தலைவர். அவ்வன்பு ஒரு பிற்பகலோடு தீர்ந்தது. நம்மவர் அந்த அயலாரையே ஒருவனாகத் திரட்டி மாணவன் ஆக்கினர். 'பாக்பான்' எடுத்தவர்கள் அவனை வளர்ப்பு மகன் ஆக்கினர். 1937-இன் மோட்டார் விற்பவன்கூட அறுபத்தாறு ஆண்டு கழித்து 'பாக்பான்' படத்தில் மீண்டும் வருகிறான். வாங்க மாட்டார்கள் என்றறிந்ததும் அவன் சினம் கொள்கிறான்; வளர்ப்பு மகன் வந்து சேர்வது அவ்விடத்தில்தான். மேலும் அப்படத்தின் தந்தை கடைசி வரை மக்களை மன்னிக்க மறுத்துவிடுகிறார். இந்தியப் படத்தில் இது பெருந்துணிவு.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோராக நடித்தவர் பெரும்பாலும் முதியோர் அல்லர். 1937-இன் மூதாட்டி பியூலா பாண்டி அப்போது ஐம்பதைக்கூட எட்டாதவர். டோக்கியோ கதையின் கிழவர் சிஷு ரியூவுக்கு வயது நாற்பத்தொன்பது. 1976-இல் இதே போன்ற கதையுடன் வந்த 'ஜிந்தகி' என்னும் இந்திப் படத்தின் தந்தை சஞ்சீவ் குமாருக்கு முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. 'பாக்பான்' வெளியான நாளில் அமிதாப் பச்சனோ அறுபத்தொன்றை எட்ட ஒரு வாரமே இருந்தது. நரைத்த பொய்ம்முடி இன்றி முதுமைக் காதலைக் காட்ட நம் திரைக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

தமிழிலே இப்பொருள் புதிதன்று. பாரதிதாசனார் 'குடும்ப விளக்கு' பாடத் தொடங்கி, ஐந்தாம் பகுதிக்கு 'முதியோர் காதல்' என்றே பெயரிட்டார். குடும்பத்தின் கதை மக்கட்பேற்றோடு முடிந்துவிடவில்லை என்று அவர் கருதியது நம் கவனத்துக்கு உரியது. திரையில் 1970 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, 'வியட்நாம் வீடு' வந்தது. சுந்தரம் எழுதிய நாடகம் அது. மேடையில் வென்று திரைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பத்மநாப ஐயராகச் சிவாஜி கணேசனும் சாவித்திரி மாமியாகப் பத்மினியும் நடித்தனர். பிள்ளைகள் புறக்கணித்த கதை என்று பலர் அதைச் சொல்வர். எம் நினைவில் நிற்பதோ, அவ்விருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் சிறு பேச்சுகளே. புத்தாண்டுக் கூட்டம் இளங்காதலை நாடி வந்து, அறுபது வயதுக் காதலைக் கண்டு களித்துச் சென்றது.

வாழ்க்கையிலும் நம்மவர் இதற்கு ஒரு நாள் வகுத்தே வைத்திருக்கின்றனர். அறுபதாண்டு நிறைவில் திருக்கடவூரிலோ வீட்டிலோ மறுபடி மாலை மாற்றி, பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் சூழத் தாலி கட்டுவிக்கிறோம். டில்லியிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் விடுப்பெடுத்து வந்து செய்கிறோம். மறுநாளே ஒருவர் தாயை அழைத்துக்கொண்டு ரயிலேறுவார், மகளுக்குப் பேறுகாலம் என்று. தந்தை தம்பி வீட்டில் இருக்கட்டும் என்பார்கள். தீய எண்ணம் எவர்க்கும் இல்லை.

சட்டமும் இவ்விடத்தில் மௌனமே சாதிக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைப் பெறப் பெற்றோர்க்கு உரிமை அளித்தது. மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை வழங்கச் செய்யத் தீர்ப்பாயங்களுக்கு அதிகாரம் தந்தது. தந்தைக்கு ஓரூரில் உணவும் தாய்க்கு வேறூரில் உணவும் அளித்தால் அச்சட்டத்தின் சொல் நிறைவேறிவிடும்.

எங்கள் வீட்டுச் செய்தியையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. எங்கள் முதற்குழந்தை 1975-இல் நாகபுரியில் பிறந்தபோது உதவிக்கென வந்த எம் தாயாரை இரண்டாண்டு அங்கேயே வைத்துக்கொண்டோம். தந்தையார் திருச்சியில் எம் தமையனார் வீட்டில் இருந்தார். எல்லார்க்கும் அதுவே வசதி. தந்தையாரின் கடிதங்கள் எம் பெயருக்கே வரும். குழந்தையின் நலம், அரிசி விலை, தமையனாரின் அலுவல் எல்லாம் எழுதி, இறுதியில் ஒரு வரி: அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி. அதற்கு விடையாகத் தாயார் சொல்வதும் ஒரு வரியே: தேவலை என்று எழுது.

1977-இன் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாளில், முன்னே சொன்ன 'ஜிந்தகி' படத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். குழந்தையோடு வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்பதற்காகத்தான். கதை இன்னதென்று எங்களுக்கு முன்பே தெரியாது. தாயாருக்கு இந்தி தெரியாது. இடைவேளையில் ஒன்றும் கேட்கவில்லை. வீடு திரும்பி, குழந்தைக்குப் பால் காய்ச்சி வைத்துவிட்டு, திருச்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு என்றார்.

மறுவாரம் கிராண்ட் டிரங்கு விரைவு வண்டியில் ஏற்றிவிட்டோம். சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் சென்று வண்டி மாற வேண்டும், துணைக்கு யாரையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மும்முறை சொன்னோம். தெரியும் என்றார். தந்தையார் திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியே பயணம் செய்து, சென்ட்ரல் நிலையத்துக்கே வந்து விடியற்காலை முதல் காத்திருந்தார் என்பதைத் தமையனாரின் கடிதத்தால் பின்னர் அறிந்தோம்.